மூப்பர் வாசிக்காத பெயர்கள்

நான் சட்டத்தரணி என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை. கறுப்புக் கோட்டோடு நீதிமன்ற வாசலில் என்னை ஒருவரும் கண்டதில்லை. காணி வழக்கும் பேசமாட்டேன், வலை அறுத்த வழக்கும் பேசமாட்டேன். அடுத்த வீட்டு அக்கா ஒருநாள் அம்மாவிடம், "பிள்ளை படிச்சது சரி, வழக்குப் பேச எப்பதான் கோட்டுக்குப் போகத் தொடங்குவா?" என்று இரக்கப்பட்டுக் கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, "அவ பேங்குகாரருக்குப் புத்தி சொல்லுறவ," என்றார். அது ஏறக்குறையச் சரிதான்.

வைப்பு வாங்கிக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் மத்திய வங்கியின் கட்டுப்பாடுகளை மீறாமல் நடப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பது என் தொழில். யாரிடம் என்ன பத்திரம் கேட்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், எதை வெளியில் மூச்சு விடக் கூடாது என்பதெல்லாம் இதற்குள் வரும். கொழும்பில் ஒரு சட்டக் கந்தோரில் சில வருடங்கள் இருந்து இதைக் கற்றேன். பிறகு வடக்கில் தெருவுக்குத் தெரு கிளைகள் முளைத்தபோது, ஆங்கிலத்தில் வரும் விதிகளைத் தமிழில் விளக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் ஊருக்கே வந்துவிட்டேன். மன்னார், முருங்கன், வவுனியா என்று பஸ்ஸில் அலைந்து, காசாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும் வகுப்பு எடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிதான் பொருத்தம் என்று எனக்கு எப்போதும் ஓர் எண்ணம் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் பாதி வழியில் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். யாராவது "ஒரு சின்ன விசயம்" என்று தொடங்கினாலே நான் தாளையும் பேனையையும் எடுத்துவிடுவேன். ஆனால் என் கட்சிக்காரர்களுக்கு வேண்டியது அதுதான். அவர்களுக்கும் சேர்த்து நான் பயப்பட்டேன், அதற்கு அவர்கள் சம்பளம் தந்தார்கள்.

வகுப்புகளில் நான் குரலை இறக்கிச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் காரணம் விளங்காத பணம் வந்து போனால், அதைப் பற்றிக் கொழும்பில் இதற்கென்றே உள்ள அரசாங்கப் பிரிவுக்கு அறிக்கை எழுத வேண்டும். எழுதியதையோ, எழுத யோசித்ததையோ, எழுதாமல் விட்டதையோ அந்த வாடிக்கையாளருக்கு ஒருபோதும் சொல்லக் கூடாது. சாடையாகக் காட்டினாலும் குற்றம். எங்கள் கட்சிக்கார நிறுவனம் ஒன்றுக்கு இந்த விதிகளையெல்லாம் தமிழில் கையேடாக எழுதிக் கொடுத்ததும் நான்தான். அதில் விளங்காத பணத்துக்கு நானே ஓர் உதாரணம் கட்டியிருந்தேன்: பல நாடுகளிலிருந்து, பல பேர், சில கிழமைகளுக்குள், ஒரே ஆளின் கணக்குக்குப் பணம் அனுப்புவார்கள், வந்த கையோடு அது காசாக வெளியே எடுக்கப்படும். உதாரணம் நன்றாக இருக்கிறது என்று கொழும்புத் தலைமையகத்தில் பாராட்டினார்கள்.

அந்த உதாரணம் எங்கள் கோயில் திருவிழாவுக்கு அச்சொட்டாகப் பொருந்தும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து பார்க்கும் ஒன்றை யார் சந்தேகக் கண்ணால் பார்ப்பார்கள்?

எங்கள் ஊர் மன்னார்த் தீவின் கடற்கரையில் இருக்கிறது. ஊர் முழுக்கக் கத்தோலிக்கர், ஊர் முழுக்கக் கடல் தொழில். வீட்டுக்கு ஒருவராவது பிரான்ஸிலோ கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கிறார்கள். கொடியேறி ஒன்பது நாள் நவநாள் நடக்கும்; ஒவ்வொரு நாள் செலவையும் வெளிநாட்டில் உள்ள சில குடும்பங்கள் பொறுப்பெடுக்கும். கோயிலுக்கென்று சனம் தெரிவு செய்யும் தலைவரை மூப்பர் என்போம். அந்தப் பணமெல்லாம் மூப்பரின் சொந்தக் கணக்குக்குத்தான் வரும். மூப்பர் மாறினால் கணக்கு இலக்கமும் மாறும், அவ்வளவுதான். மூப்பர் அதைக் காசாக எடுத்துப் பந்தல்காரனுக்கும், மின்குமிழ்காரனுக்கும், பாண்ட் வாத்தியக்காரருக்கும் கொடுப்பார். திருப்பலி தொடங்குவதற்கு முன் மைக்கில் நின்று, அன்றைய நாளைச் சிறப்பிக்கிறவர்களின் பெயர்களை நாடு நகரத்தோடு வாசிப்பார். ஒலிபெருக்கி பிரதான வீதி வரைக்கும் கேட்கும். தன் மகனின் பெயர் அப்படிக் காற்றில் போவதைக் கேட்கத்தான் எங்கள் ஊர்த் தாய்மார் வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள்.

கொடியேறிச் சில நாட்களில், நான் கையேடு எழுதிக் கொடுத்த அந்த நிறுவனத்தின் மன்னார்க் கிளை முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். முசலிப் பக்கத்து முஸ்லிம் ஆள், கவனமானவர், என் வகுப்பில் முன் கதிரையில் இருந்து எழுதியவர். மேசையில் ஒரு கணக்கின் விபரங்களைத் திருப்பி வைத்தார்.

"மிஸ், இதைக் கொஞ்சம் பாருங்க. உங்கட கையேட்டில இருக்கிற மாதிரியே இருக்குது," என்றார். அவர் முகத்தில் கெட்டிக்கார மாணவனின் பெருமை இருந்தது.

கணக்குக்காரரின் பெயரைப் பார்த்தேன். எங்கள் மூப்பர்.

மூப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த கையோடு அவரைப் படையினர் பிடித்துக்கொண்டு போய் நெடுங்காலம் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். திரும்பி வந்த பிறகும் புலனாய்வு ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். எங்கே போகிறாய், யாரோடு கதைக்கிறாய், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். இப்போது அந்த வரவு குறைந்துவிட்டது. அவருக்கு ஒரு ஃபைபர் வள்ளம், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ஊர் அவரை மூப்பராகத் தெரிவு செய்தபோது அவர் அழுதார் என்று அம்மா சொன்னார். தன்னை நம்பி ஒரு பொறுப்பு தந்ததற்காக அழுதாராம். அப்படிப்பட்டவரின் பெயர், வெளிநாட்டிலிருந்து பலரிடம் பணம் பெற்றவர் என்ற வாக்கியத்தோடு சேர்ந்து கொழும்புக்குப் போனால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காமலும் போகலாம். அல்லது மறுபடியும் ஒரு வாகனம் அவர் வாசலில் நிற்கலாம். இரண்டில் எது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

அவர் எங்கள் ஊர் மூப்பர் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, கையேட்டின்படியே பதில் சொன்னேன். அறிக்கை எழுதுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் சாதாரணமாக விசாரிக்கலாம், இது என்ன பணம் என்று கேட்டு விளக்கம் திருப்தியாக இருந்தால் எழுதத் தேவையில்லை என்றேன். கேட்டால் சொல்லிவிடுவார், கோயில் காசு என்று சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அன்று பின்னேரம் நவநாளில் மூப்பர் வழக்கம்போலப் பெயர்களை முழங்கியபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் முகாமையாளர் என்னை மறுபடி வரச் சொன்னார். இப்போது அவர் முகத்தில் பெருமை இல்லை.

"காலையில வந்தவர் மிஸ். மரியாதையாத்தான் கேட்டன். வெளிநாட்டில இருந்து காசு வருதே, என்ன தேவைக்கு எண்டு. மச்சான் வீடு கட்ட அனுப்புறார் எண்டு சொன்னார். எத்தின பேர் அனுப்புறாங்க, எல்லாரும் மச்சானா எண்டு கேட்டன். ஓம், எல்லாம் மச்சான்தான் அனுப்புவிக்கிறார், வேற ஒருத்தரும் இல்லை எண்டார். அவருக்கு வேர்த்து ஊத்துது. தண்ணி குடுத்தன், குடிக்கேல்ல. இனி நான் எழுதாம இருக்க ஏலாது."

மூப்பரைக் கண்ணாடித் தடுப்புக்குள் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அது வங்கியாகவா தெரிந்திருக்கும்? பயந்த மனிதன் பொய் சொன்னான். பொய் சொன்னதால் ஒன்றுமில்லாத கணக்கு உண்மையாகவே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. கேட்கச் சொல்லி யோசனை சொன்னவள் நான்.

அதற்கு மேல் மூடி வைக்க எனக்கு உரிமை இல்லை. "இவர் எங்கட ஊர். இந்தக் காசுக்குள்ள என்ர அண்ணன் அனுப்பினதும் இருக்குது. இனி இந்த விசயத்தில நான் ஆலோசனை சொல்லக் கூடாது, விலகுறன். நான் விலகினதைத் தலைமையகத்துக்கும் எழுதிப் போடுங்கோ," என்றேன். பிறகு, சட்டத்தரணியாக இல்லாமல் ஊர்க்காரியாகத் திருவிழா வழக்கத்தைச் சொன்னேன்.

அவர் நம்பினார். ஆனாலும் தலையை ஆட்டினார். "உங்கட வாய்ச்சொல்லை நான் எப்படி ஃபைலில போடுறது? அதுவும் உங்கட அண்ணனும் உள்ளுக்கு இருக்கக்குள்ள. அந்த ஆளே வேற ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிட்டார்."

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஸ்பீக்கரில பேர் வாசிக்கிறவர். ஊருக்கே கேட்கும். நீங்கள் உள்ளுக்கு வரவும் தேவையில்லை, வீதியில நிண்டாலே காணும். உங்களிட்ட இருக்கிற பேர்களோட ஒத்துப் பாருங்கோ."

"இண்டைக்கு வாறன். சரிவரேல்ல எண்டா நாளைக்கு எழுதுறதுதான்," என்றார்.

அன்று பின்னேரம் சோளகக் காற்று மணலை வாரி அடித்தது. தென்கரையில் காற்றாலைகள் விசையாகச் சுழன்றன. அம்மாவோடு கோயிலுக்கு நேரத்தோடே போய், வாசல் தெரியும் வாங்குப் பலகையில் இருந்தேன். பந்தலுக்கு வெளியே, கச்சான் கடலை விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் முகாமையாளர் நின்றார். ஒரு சுருள் கச்சான் வாங்கி உடைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். எங்கள் திருவிழாவுக்கு அக்கம் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் வருவது புதிதில்லை, ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதுகாப்புக்கென்று வந்த பொலிஸ்காரர் இருவர் மரநிழலில் நின்றார்கள். அவர்களும் வருடா வருடம் வருகிறவர்கள்தான். ஆனால் அன்று அவர்களைக் காண எனக்குப் பிடிக்கவில்லை.

மூப்பர் மைக்குக்கு வந்தார். அவர் கையில் காகிதம் இல்லை.

"இண்டைய நவநாளைச் சிறப்பிக்கிறவர்கள், எமது பங்கு மக்கள்," என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்துவிட்டார்.

வாங்குகளில் சலசலப்பு எழுந்தது. முன்னால் இருந்த பெண்மணி தன் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப என்ர மகன் அனுப்பினது கடலுக்குள்ளயே விழுந்தது?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். முகாமையாளர் கச்சான் உடைப்பதை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார் போல.

திருப்பலி தொடங்கியது. எனக்கு ஒரு வாசகமும் காதில் ஏறவில்லை. மூப்பரிடம் போய் "வாசியுங்கோ அண்ணை" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்குப் பதில் சொன்னால், சொல்லாமல் முகத்தால் காட்டினாலும், குற்றம். அதற்கு என்ன தண்டனை என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னவள் நான். பேசாமல் இருந்தால், நாளைக்கு அவர் பெயர் கொழும்புக்குப் போகும். முகாமையாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

மன்றாட்டுகள் தொடங்கின. குறித்துக் கொடுத்தவர்கள் வாசித்து முடித்ததும், பங்குத்தந்தை வழக்கம்போல, சொந்த மன்றாட்டு உள்ளவர்கள் முன்னுக்கு வரலாம் என்றார். பரீட்சைக்கும் சுகயீனத்துக்கும் என்று ஓரிருவர் போவார்கள். நான் எழும்பினேன். அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"எங்க போறாய்? இரு," என்றார் அடிக்குரலில்.

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அம்மாவுக்கு விளங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். யுத்த காலத்தில் அண்ணன் ஒளிந்து நாட்டை விட்டுப் போன விதம் ஊருக்குத் தெரியும், ஆனால் அம்மா வெளி ஆட்களிடம் அவர் பெயரை வாய் திறந்து சொன்னதே இல்லை. தனக்கு ஒரு பிள்ளைதான் என்று பொலிஸ் பதிவில் சொன்ன காலம் இருந்தது. மூப்பர் வாசிக்கும்போதுகூட அம்மா குனிந்துதான் கேட்பார். நான் தலைப்பை மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தேன். பொலிஸ்காரரில் ஒருவர் கோயில் பக்கம் திரும்பி நின்றார், சும்மாதான் திரும்பியிருப்பார்.

மைக்கில் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. "இன்றைய நவநாளுக்கு எங்கள் மூப்பரிடம் பணம் அனுப்பி உதவிய, பிரான்ஸ் நாட்டில் வாழும் என் அண்ணனுக்காகவும் அவரின் குடும்பத்துக்காகவும் மன்றாடுவோம்," என்று சொல்லி, அண்ணனின் முழுப் பெயரையும் ஊரையும் சொன்னேன். சொந்த அண்ணனுக்காக மன்றாடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நடக்கும்போதே அதை யோசித்து வைத்திருந்தேன். நான் எப்போதும் அப்படித்தான், பயத்திலும் பிரிவு இலக்கம் தேடுவேன்.

நான் திரும்பி வருவதற்குள், கடலுக்குள் விழுந்ததா என்று கேட்ட பெண்மணி எழும்பிவிட்டார். லோயரின் அண்ணனுக்கு மட்டும் மன்றாட்டா? அவர் நோர்வேயில் உள்ள மகனுக்கும் மருமகளுக்கும் மன்றாடினார், திருவிழாவுக்குக் காசு அனுப்பியதையும் விடவில்லை. அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு அவரின் மச்சாள், பிறகு நடக்க மாட்டாத ஓர் அம்மாவைப் பேரன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். கனடா வந்தது, ஜெர்மனி வந்தது, லண்டன் வந்தது. அன்றைய நாளுக்கு உரியவர்கள், அடுத்த நாளுக்கு உரியவர்கள் என்ற கணக்கில்லாமல் எல்லாப் பெயர்களும் வந்தன. எங்கள் ஊர்ப் பெண்களின் போட்டி குணத்தை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்று அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பங்குத்தந்தை இரண்டு முறை கையைத் தூக்கியும் நிறுத்த முடியவில்லை.

வாசலில் முகாமையாளர் பொக்கெட்டில் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதை மடித்து வைத்துவிட்டு, இன்னொரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு போனார்.

அப்போதுதான் மூப்பரைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தார். பெயர்கள் வரவர, ஒவ்வொன்றுக்கும் அவர் கண் மரத்தடிப் பொலிஸ்காரரிடம் போய் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

மறுநாள் முகாமையாளர் தொலைபேசியில், "கச்சான் நல்லா இருந்தது மிஸ். நான் ஒண்டும் எழுதேல்ல. நீங்க விலகின ஆள், இதைக்கூட உங்களுக்குச் சொல்லக் கூடாது. இதுக்கு மேல கேளாதீங்க," என்றார். நான் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்து அழுதேன், ஆறுதலில்தான்.

அன்று பின்னேரமே மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. படலையடியில் நின்றே கதைத்தார்.

"ஏன் தங்கச்சி அப்பிடிச் செய்தனீங்கள்?"

"என்ன அண்ணை?"

"பேங்கில என்னைக் கூப்பிட்டு, ஆர் ஆர் அனுப்பினது எண்டு கேட்டவை. நான் ஒருதரையும் காட்டிக் குடுக்கேல்லை. எல்லாம் என்ர மச்சான் எண்டுதான் சொன்னனான். உங்கட அண்ணன்ர பேரும் அதுக்குள்ள இருந்தது, நான் வாய் திறக்கேல்லை. பேர் வாசிக்கிறதையும் விட்டன். நீங்கள் படிச்சனீங்கள், பொலிஸ் நிக்கேக்க எல்லாப் பேரையும் மைக்கில வரப் பண்ணிப்போட்டியள்."

என்னிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு வசனம். அதைச் சொல்லக் கூடாது என்று இந்த மாவட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

"ஒண்டும் நடக்காது அண்ணை, பயப்பிடாதேங்கோ," என்றேன். எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தை அது.

"நடந்தால், அவற்ர பேரை நான் சொல்லேல்லை எண்டு அண்ணனுக்குச் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்."

திருவிழா முடிந்ததும் அவர் மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டார். சுகமில்லை என்று காரணம் சொன்னார். புது மூப்பருக்கு நான் கோயில் பேரில், மூன்று பேர் கையெழுத்து வைக்கும் கணக்கு ஒன்று திறந்து கொடுத்தேன். இப்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

அவர் வீடு சந்திக்குப் போகும் வழியில் இருக்கிறது. முன்கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. சாரம் இரண்டு, பிரஷர் குளிசை, சவர்க்காரம், செபமாலை எல்லாம் அதற்குள் இருப்பதாக அவர் மனைவி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மறுபடி பிடிக்க அவர்கள் வந்தால் எடுத்துக்கொண்டு போவதற்காம். குளிசை முடிந்தால் புதிதாக வாங்கி வைக்கிறாராம்.

ஒருவரும் வரப்போவதில்லை. இந்த ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது அந்தப் பை தொங்குவதைப் பார்த்துக்கொண்டு போகிறேன், பின்னேரம் திரும்பும்போதும் பார்க்கிறேன்.